பார்த்தும் சொல்லாத வலை

மசாபு தீவின் படகுத்துறையை ஒட்டிய மணலில், கவிழ்த்துப் போட்ட அலுமினியப் படகு ஒன்றின் மேல் எனோசா உட்கார்ந்திருந்தான். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடியும் துடைத்தான். மறுநாள் தேவாலயத் திருநாள். ஆராதனை முடிந்ததும் படகுப் பந்தயம். போன வருஷம் தங்கையின் புருஷன் பிலேமோனிடம் அரைப் படகு நீளத்தில் தோற்றிருந்தான். அந்த அரைப் படகு நீளம் வருஷம் முழுக்க அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

கடற்கரைப் பாதையில் ரேஞ்சர்களின் லாரி வந்தது. பின்னால் மூட்டை மூட்டையாகக் குப்பை. அறுந்த வலைத் துண்டுகள், பிளாஸ்டிக் பாட்டில்கள், எந்த நாட்டில் யார் காலில் இருந்தோ தெரியாத ஒற்றைச் செருப்புகள். ஓட்டிவந்தவள் அவன் தங்கை டோர்கஸ். தீவின் கடல் ரேஞ்சர்களுக்கு அவள்தான் தலைவி.

"எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா! குப்பை மகாராணி வர்றாங்க!" என்று எனோசா கத்தினான். சுற்றிப் படகு பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

டோர்கஸ் லாரியை நிறுத்தி, ஜன்னலில் கையை ஊன்றினாள். "எந்திரிக்கவே வேணாம்ணே. நீ உட்கார்ந்திருக்கிற எடத்துக்குக் கீழே எஞ்சின் ஆயில் டப்பா கிடக்குது பாரு. நீ போட்டதுதான். அதை மட்டும் எடுத்து மேல வீசு."

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. எனோசா டப்பாவை எடுத்து வீசினான். லாரியில் விழாமல் டயரில் பட்டு உருண்டது. டோர்கஸுடன் வேலை செய்யும் சைலாஸ் இறங்கி அதைப் பொறுக்கிக்கொண்டான்.

"நம்ம தாத்தா கடலுக்கடியில போயி முத்துச்சிப்பி எடுத்தாரு," என்றான் எனோசா, விடாமல். "நான் மூச்சடக்கி சிங்கி இறால் எடுக்கறேன். நீ செருப்பு எடுக்கற. வம்சம் நல்லாத்தான் வளருது!"

"செருப்புல ஜோடி கிடைச்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டு டோர்கஸ் லாரியைக் கிளப்பினாள்.

எனோசா கெட்டவன் இல்லை. தீவில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்து கொடுப்பவன் அவன்தான். புயலில் காணாமல் போன படகைத் தேடிப் போனவர்களில் கடைசியாகத் திரும்பியவனும் அவன்தான். ஆனால் கடலை அள்ள அள்ளக் குறையாத பெரிய சட்டி என்றே நினைத்திருந்தான். அதில் என்ன விழுந்தாலும் கரைந்துவிடும். கரையாவிட்டால் அதற்கென்று ரேஞ்சர்கள் இருக்கிறார்கள். சீருடை போட்டவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன?

அன்று சாயங்காலம் அவன் பந்தயப் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போனான். தென்கிழக்குக் காற்று ஓய்ந்து, வடமேற்குக் காற்று இன்னும் பிடிக்காத நாட்கள் அவை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. ஆமைகள் ஜோடி சேரும் காலம். அங்கங்கே நீர்ப்பரப்பில் பழுப்பு முதுகுகள் மிதந்தன. படகுத்துறையில் கிளம்பி, நண்டுத் திட்டைச் சுற்றி, இரண்டு பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள குறுக்கு வாசல் வழியாகத் திரும்பிவர வேண்டும். குறுக்கு வாசலை எடுக்கப் பயப்படுகிறவர்கள் பாறையை வெளியே சுற்றிக்கொண்டு வரலாம். ஆனால் அவர்கள் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

நண்டுத் திட்டைச் சுற்றித் திரும்பும்போதுதான் அதைப் பார்த்தான்.

முதலில் மிதக்கும் பாசி என்று நினைத்தான். கிட்டே போனதும் எஞ்சினை அணைத்தான். பச்சை மிதவைகள் கோர்த்த வலை. எங்கோ தூரத்துப் பெரிய கப்பல் ஒன்று அறுத்துவிட்டுப் போனது. ரேஞ்சர்கள் இதைப் பேய்வலை என்பார்கள். பிடிக்க ஆள் இல்லாமலே பிடித்துக்கொண்டு திரியும் வலை. ஒரு தெரு நீளத்துக்குக் கிடந்தது. தண்ணீருக்கடியில் எவ்வளவு தொங்குகிறது என்று தெரியவில்லை. அதன் நடுவில் ஓர் ஆமையின் துடுப்புக் கை மேலே எழுந்து, தண்ணீரை ஒருமுறை தட்டிவிட்டுத் தாழ்ந்தது.

எனோசாவின் படகில் வாக்கி டாக்கி இருந்தது. கையில் எடுத்தான். தங்கையின் குரல் எப்படி ஒலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். 'எங்கே இருக்குன்னு சொல்லுண்ணே, நாங்க வர்ற வரைக்கும் கிட்டவே இரு' என்பாள். அப்புறம் பந்தயப் பாதையை மூடிவிடுவாள். இவ்வளவு பெரிய வலையைக் கரை சேர்க்க ரெண்டு நாளாகும். அதற்குள் காற்று மாறிவிடும். பந்தயம் அடுத்த வருஷம்தான்.

இன்னொரு வருஷம் அந்த மீன்முள்ளோடு இருக்க வேண்டுமா?

வாக்கி டாக்கியைக் கீழே வைத்தான். நீர் வற்ற ஆரம்பித்திருந்தது. ராத்திரிக்குள் கடல் நீரோட்டம் இதை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், வடக்கே பப்புவா நாட்டுக்காரன் பக்கம் போய்ச் சேரும், அவன் பாடு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எஞ்சினைக் கிளப்பியபோது அந்தத் துடுப்புக் கை மறுபடி எழுந்ததா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி ரூத் தேங்காய்ப் பாலில் மீன் சமைத்து, சுடச்சுட மாவு ரொட்டியும் வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் டோர்கஸ் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாங்க இன்னைக்கு முழுக்க மேற்குக் கரையிலேயே மாட்டிக்கிட்டோம். பந்தயப் பாதையைப் பாக்க முடியல. நீ ஓட்டிப் பாத்தியாமே? ஏதாவது கிடந்துச்சா?"

எனோசா ரொட்டியைப் பிய்த்தான். "ஒண்ணுமில்ல. கண்ணாடி மாதிரி கிடக்குது."

"குறுக்கு வாசல்?"

"சுத்தமா இருக்கு. உன் புருஷனுக்குப் போய்ச் சொல்லு, நாளைக்கு என் எஞ்சின் புகையைத்தான் மோந்துக்கிட்டு வரணும்னு."

டோர்கஸ் சிரித்தாள். "அவரும் உன்னைப் பத்தி அதையேதான் சொல்றாரு. சரிண்ணே. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்." அவள் போய்விட்டாள். எனோசா பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான்.

மறுநாள் தீவே படகுத்துறைக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தீவுகளிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் பூப்போட்ட பெரிய கவுன்களில், காதோரம் செம்பருத்தியோடு. மண்ணில் குழி வெட்டிய அடுப்பில் பன்றியும் சேனைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. மேளம் அதிர்ந்தது. போதகர் வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலிபெருக்கியைக் கையில் எடுத்திருந்தார். வருஷம் முழுக்க அமைதியைப் போதிக்கிற அந்த மனிதர் இந்த ஒரு மணி நேரத்துக்குத் தொண்டை கிழியக் கத்துவார்.

"பாவிகளே, பரிசுத்தவான்களே, எல்லாரும் கோட்டுக்கு வாங்க! எனோசா, உன் படகு முன்னாடி நிக்குது, பின்னாடி வா! பிலேமோன், சிரிக்காதே, நீயும்தான்!"

பிலேமோன் பக்கத்துப் படகிலிருந்து கையசைத்தான். நெடிய, ஒல்லியான, எப்போதும் பல் தெரிகிற ஆள். "மச்சான், வெளியே சுத்திக்கிட்டு வா. வயசான காலத்துல குறுக்கு வாசல் உனக்கு ஆகாது!"

"உனக்கு என் தங்கச்சியைக் குடுத்ததே தப்பு மச்சான்!"

அந்தத் தீவில் மச்சானை மச்சான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது மரியாதை. எவ்வளவு கேலி வேண்டுமானாலும் செய்யலாம், பெயர் மட்டும் வாயில் வரக்கூடாது.

சங்கு ஊதியது. படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தன. கரையில் குழந்தைகள் தண்ணீருக்குள் ஓடினார்கள். கிழவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். நண்டுத் திட்டுக்குப் போகும் வழியிலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். மச்சான்கள் இருவரின் படகுகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் நுரை இன்னொன்றின் மேல் தெறிக்கப் பறந்தன. திட்டைச் சுற்றும் வளைவில் எனோசா உள்பக்கம் நுழைந்து ஒரு படகு நீளம் முந்தினான். வாய்விட்டுக் கத்தினான். உப்புக் காற்று பல்லில் அடித்தது. இந்த வருஷம் அவன்தான்!

எதிரே குறுக்கு வாசல் வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு குறுகிய வழி. அதன் குறுக்கே, வரிசையாக, பச்சை மிதவைகள்.

நீர்வற்றம் இழுத்துக்கொண்டு போனதை நீரேற்றம் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் மாட்டிவிட்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. கை தானாகத் திரும்பியது. எனோசாவின் படகு சாய்ந்து, வெளிப்பக்கம் விலகியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பின்னால் வருகிறவனுக்குத் தன் படகின் நுரையில் ஒன்றும் தெரியாது. தான் பயந்து விலகியதாகத்தான் அவன் நினைப்பான்.

"போகாதே! மச்சான், போகாதே!"

எஞ்சின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பிலேமோன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். எனோசா திரும்பிப் பார்த்தபோது அவன் படகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி நடுவழியில் சட்டென்று நின்றது. வலை எஞ்சின் விசிறியைப் பிடித்துவிட்டது. பிலேமோன் முன்னால் தூக்கி எறியப்பட்டான். படகு அப்படியே பக்கவாட்டில் சுழன்று கவிழ்ந்தது.

முன்னால் படகுத்துறை. ஜனங்கள் குதிப்பது தெரிந்தது. போதகரின் குரல் தண்ணீர் மேல் அலைந்து வந்தது. எனோசா படகைத் திருப்பினான்.

பாறையோரம் படகை விட்டுவிட்டு, இடுப்புக் கத்தியோடு குதித்தான். பிலேமோனின் முகம் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது, அதுவும் விட்டு விட்டு. காலில் வலை சுற்றியிருந்தது. ஓட்டம் வலையைப் பாறைக்கடியில் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் கொஞ்சம் கீழே போனான்.

"பிலேமோன்!" என்று எனோசா அலறினான். பெயர் வாயில் வந்துவிட்டது. அவனுக்கே அது தெரியவில்லை. "பிலேமோன், விடாதே! என் தோளைப் பிடி!"

தோளால் முட்டுக்கொடுத்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்தான். ஒரு கையால் கத்தியை வைத்து அறுத்தான். ஒரு கண்ணியை அறுத்தால் இன்னொன்று சுற்றியது. கத்திப் பிடியோடு சேர்ந்து அவன் மணிக்கட்டும் மாட்டிக்கொண்டது. கடலில் பிறந்து வளர்ந்தவன், இரவு பகலாக மூச்சடக்கி முங்கியவன், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலுக்குப் பயந்தான்.

"கையை ஆட்டாதே! ரெண்டு பேரும் உதைக்காதீங்க!"

டோர்கஸின் குரல். பந்தயத்துக்குக் காவலாகப் பின்னால் வந்த ரேஞ்சர் படகு எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டத்தின் போக்கிலேயே மெல்ல மிதந்து வந்தது. எஞ்சினோடு வந்திருந்தால் அவர்களும் மாட்டியிருப்பார்கள். சைலாஸ் முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தான். டோர்கஸ் படகு விளிம்பில் குப்புறப் படுத்து, புருஷனின் தாடையைப் பிடித்தாள்.

"என்னைப் பாருங்க. மூச்சு விடுங்க. கடலைப் பாக்க வேணாம், என்னை மட்டும் பாருங்க."

வளைந்த கத்தி ஒன்று அவள் கையில் இருந்தது. வலையை இழுத்து அறுக்காமல், உள்ளிருந்து வெளியே கொக்கி போட்டு எடுத்தாள். எனோசாவின் மணிக்கட்டு விடுபட்டது. கீழே சைலாஸ் இரண்டு இழு இழுத்தான். திடீரென்று பிலேமோனின் உடம்பு லேசாகி மேலே வந்தது. அவனைப் படகுக்குள் உருட்டினார்கள். கணுக்காலில் சதை கிழிந்து ரத்தம் வழிந்தது. இருமினான், உப்புத் தண்ணீரைத் துப்பினான். பிறகு, பல் தெரிய, "நான்தானே முந்தி?" என்றான்.

டோர்கஸ் அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சைலாஸ் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். "அக்கா! கடற்பசு! மாட்டியிருக்கு! உயிரோட இருக்கு, பக்கத்துல குட்டி நிக்குது!"

கடற்பசு மூச்சுக்கு மேலே வர வேண்டும். வர முடியாவிட்டால் சில நிமிஷங்கள்தான். டோர்கஸ் எழுந்து நின்றாள். பின்னால் வந்த பந்தயப் படகுகள் எல்லாம் என்ன ஏது என்று குழம்பி நின்றிருந்தன. அவள் குரல் அவர்களுக்கு மேல் பறந்தது.

"எல்லாரும் எஞ்சினை அணைங்க! ரெண்டு படகு இந்தப் பக்கம், ரெண்டு படகு அந்தப் பக்கம்! நடுவுல கயிறு போடுங்க! அண்ணே, நீ இறங்கு. மூக்கை மேல தூக்கிப் பிடி. என்ன ஆனாலும் விடாதே!"

நேற்று வரை குப்பை மகாராணி என்றவன் அவள் சொன்ன உடனே இறங்கினான். மங்கலான பச்சைத் தண்ணீரில் அது ஒரு பெரிய சாம்பல் பாறை மாதிரி தொங்கியது. எனோசா அதன் மழுங்கிய மூக்குக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, தோளைக் கொடுத்து, கழுத்தைக் கொடுத்து மேலே நெட்டினான். படகுக்காரர்கள் அடியில் கயிறு விட்டுத் தூக்கினார்கள். மூக்குத் துளைகள் தண்ணீருக்கு மேல் வந்தன. அவை திறந்துகொண்டு, பெருமூச்சு ஒன்று எனோசாவின் முகத்தில் வெடித்தது. கடற்புல்லின் வாசனை அடித்தது.

"மூச்சு விட்டுடுச்சு!" என்று அவன் குழந்தை மாதிரி கத்தினான். "டோர்கஸ், மூச்சு விட்டுடுச்சு!"

"இன்னொரு மூச்சு வாங்கட்டும்! பிடி!"

இன்னொன்று வாங்கியது. அதற்குப் பிறகும் ஒன்று. வளைகத்தி போய்க்கொண்டே இருந்தது. குட்டி தாயின் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு எனோசாவின் காலில் இடித்தது. கடைசிக் கண்ணி அறுந்ததும் அந்தப் பெரிய உடம்பு அவன் கைகளிலிருந்து வழுக்கிப் போனது. வால் ஒருமுறை அடித்ததில் இரண்டு படகுகள் ஆடின. கொஞ்சம் தள்ளி, தாயும் குட்டியும் ஒன்றாக மேலே வந்து மூச்சு விட்டன. படகுகளில் இருந்த அத்தனை பேரும் ஊளையிட்டார்கள். துடுப்புகளால் படகின் பக்கங்களைத் தட்டினார்கள்.

"சந்தோஷம் அப்புறம்!" டோர்கஸ் விடவில்லை. "நீர் வற்றத் தொடங்கிடும். அதுக்குள்ள இழுக்கலேன்னா இந்த வலை கடற்புல் தரை மேல போய்ப் படுத்துக்கும். அந்தக் கடற்பசு குட்டியோட மேயற எடம் அது. எல்லாரும் கயிறு குடுங்க!"

பந்தயத்துக்காக மாசக்கணக்காகச் செப்பனிட்ட எஞ்சின்கள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொரு படகிலிருந்தும் ஒரு கயிறு வலைக்குப் போனது. கை காட்டியதும் ஒன்றாக உறுமின. வலை பாறையைப் பற்றிக்கொண்டு வர மறுத்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. பிறகு, ஏதோ அறுந்த மாதிரி விடுபட்டு, அவர்கள் பின்னால் பச்சைப் பாம்பாக நீண்டு வந்தது.

கரையில் போதகருக்கு விஷயம் வாக்கி டாக்கியில் எட்டியிருந்தது. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "சிவப்புப் படகு முந்துது! ஐயோ, முந்தாதே! யாரும் முந்தாதீங்க! சேர்ந்து, சேர்ந்து! கடைசியில வர்ற மஞ்சள் படகே, அப்படித்தான், இழு மகனே! கரையில சும்மா நிக்கிற பாவிகளே, தண்ணியில இறங்குங்க!"

இறங்கினார்கள். பூப்போட்ட கவுன்கள் இடுப்பளவு நனைய, பெண்கள் வடத்தைப் பிடித்தார்கள். ரூத் முன்வரிசையில் நின்றாள். அடுப்பை விட்டுவிட்டு வந்த சமையல்காரர்கள், பக்கத்துத் தீவு விருந்தாளிகள், மேளக்காரர்கள் எல்லாரும் பிடித்தார்கள். மேளம் அடிக்க ஆளில்லாமல் போனதால் வாயாலேயே தாளம் போட்டார்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் வலை ஒரு முழம் மேலேறியது. தேவாலயத்தின் டிராக்டர் வந்து மீதியை இழுத்துப் போட்டது.

அவிழ்த்துப் பார்த்தபோதுதான் சத்தம் அடங்கியது. வலைக்குள் எலும்புகள் இருந்தன. ஆமை ஓடுகள், சுறா முதுகெலும்புகள், ஒரு கடற்பறவையின் சிறகு. அது எத்தனை கடல்களைத் தாண்டி, எத்தனை உயிர்களைத் தின்றுவிட்டு இங்கே வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உயிரோடும் சில பேராமைகள் இருந்தன. சைலாஸ் ஒவ்வொன்றாக விடுவிக்க, ஜனங்கள் பல்லக்குத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார்கள். ஒவ்வொன்று நீந்திப் போகும்போதும் கரை அதிர்ந்தது.

ஒரு பெரிய பெண் ஆமை மட்டும் அசையவில்லை. கழுத்தில் வலை இறுகிச் செத்திருந்தது. வயிறு நிறைய முட்டை. அதன் முன்துடுப்பை எனோசா பார்த்தான். அதே ஆமைதானா, வேறா என்று அவனால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

சாப்பாட்டுக்கு முன் போதகர் கோப்பையைத் தூக்கினார். பந்தயக் கமிட்டிக்காரர்கள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

"இந்த வருஷம் யாரும் கோட்டைத் தொடல," என்றார் அவர். "ஆனா ஒருத்தன் ஜெயிக்கிற எடத்துல இருந்து திரும்பிப் போனான். தன் மச்சானைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சான். இந்தக் கோப்பை எனோசாவுக்கு இல்லேன்னா வேற யாருக்கு?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டு பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள். ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக அவன் ஏங்கிய கோப்பை கைக்குள் வந்தது. வெயிலில் தகதகவென்று மின்னியது.

"இறக்கி விடுங்க," என்றான் எனோசா. யாருக்கும் கேட்கவில்லை. "இறக்கி விடுங்கன்னு சொல்றேன்!"

இறக்கினார்கள். அவன் போதகரின் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினான். கோப்பையை மேஜை மேல் வைத்தான்.

"அந்த வலையை நேத்தே பாத்தேன். நேத்து சாயங்காலம். உள்ள ஆமை உயிரோட இருந்துச்சு. சொன்னா பந்தயத்தை நிறுத்திடுவாங்கன்னு சொல்லல. என் தங்கச்சி வீட்டுக்கு வந்து கேட்டா. சுத்தமா இருக்குன்னு பொய் சொன்னேன். இன்னைக்கு வாசல்ல மிதவையைப் பாத்ததும் நான் மட்டும் தெரிஞ்சு ஒதுங்கினேன். அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான். என்னைத் தூக்காதீங்க."

அவனைத் தூக்கிய இரண்டு பேரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். ரூத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாயில் காலை நீட்டிப் படுத்திருந்த பிலேமோன்தான் முதலில் பேசினான். "நீ ஒதுங்கினப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா மச்சான்? உனக்கு வயசாயிடுச்சு, பயந்துட்டேன்னு நினைச்சேன். சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனேன்." அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "என் பேரைச் சொல்லிக் கத்தினே. அது கேட்டுச்சு. அந்த ஒரு கத்தலை நேத்து கத்தியிருந்தா போதுமே."

டோர்கஸ் எழுந்து அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். எல்லாரும் அவள் அடிப்பாள் என்று நினைத்தார்கள். அவள் சட்டையில் இன்னும் புருஷனின் ரத்தம் காயாமல் இருந்தது.

"நாளைக்குக் காலையில இந்த வலையை வெட்டி மூட்டை கட்டணும்," என்றாள். "வெயிலுக்கு முன்னாடி வந்துடு. உன்கூட நான் இன்னும் பேசல. வேலையைத்தான் சொல்றேன்."

மறுநாள் சைலாஸ் ரேஞ்சர் கொட்டகையைத் திறக்க வந்தபோது எனோசா வாசலில் உட்கார்ந்திருந்தான். பழைய வலை கல் மாதிரி கனக்கும், நாறும், கையைக் கிழிக்கும். அவனைப் பார்த்து, பந்தயத்தில் ஓடிய மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வேலை முடியும் வரை டோர்கஸ் அவனிடம் ஒரு சொந்த வார்த்தை பேசவில்லை. கடைசி மூட்டை லாரியில் ஏறிய மதியம், தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "குடிண்ணே" என்றாள். எனோசா அதை வாங்கிக் குடிக்க முடியாமல், திரும்பி நின்றுகொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு அவன் ஆளே மாறிப்போனான். கேலி மட்டும் மாறவில்லை. கோப்பையைப் பற்றி மறந்தே போனான். கடலில் எது மிதந்தாலும் ரேஞ்சர் கொட்டகையில் வாக்கி டாக்கி கரகரத்தது. மற்றப் படகுக்காரர்களும் அவனைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். கமிட்டியும் ஒரு விதி போட்டது. பந்தயத்துக்கு முந்தின நாள் ஓடுகிறவர்கள் எல்லாரும் ரேஞ்சர்களோடு சேர்ந்து பாதையைப் பார்த்து வர வேண்டும், கூச்சப்படாமல் குப்பை பொறுக்க வேண்டும்.

வடமேற்குக் காற்று பிடித்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. வாக்கி டாக்கியில் எனோசாவின் குரல் பதறியது.

"டோர்கஸ்! நண்டுத் திட்டுக்கு வடக்கே! பெருசா இருக்கு! நான் கிட்டவே நிக்கறேன், சீக்கிரம் வாங்க!"

ரேஞ்சர் படகு அலைகளில் எகிறிக் குதித்து, தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தது. டோர்கஸ் எட்டிப் பார்த்தாள். சைலாஸ் எட்டிப் பார்த்தான். புயலில் முறிந்து விழுந்த ஒரு தென்னை, ஓலைகளோடு நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

சைலாஸ் படகிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, இதை வளைகத்தியால அறுக்கவா, இல்ல பறிச்சு இளநீர் குடிக்கவா?"

எனோசாவின் முகம் அசட்டுத்தனமாகச் சிவந்தது. "மழையில சரியாத் தெரியல. உங்களை வீணா அலைய வச்சுட்டேன். மன்னிச்சுக்கம்மா."

டோர்கஸ் சிரிக்கவில்லை. மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டு, படகைக் கிட்டே கொண்டுவந்து, அண்ணனின் கையைப் பிடித்தாள்.

"நூறு தடவை ஓலையைப் பாத்துக் கூப்பிடுண்ணே, நூறு தடவையும் வருவோம். ஆனா ஒரே ஒரு தடவை வலையைப் பாத்துட்டு, நமக்கென்னன்னு வாயை மூடிக்கிட்டா, அதைக் கடல்ல போட்டவன் எந்த நாட்டுக்காரனும் இல்ல. பாத்தும் சொல்லாத நாமதான்."